வாவிக்கரையில் அரைமணி நேரம்

பங்குனி பிறந்த வாரத்தில் ஒரு வைத்தியர் எனக்கு ஓய்வு எழுதிக் கொடுத்தார். மருந்து எழுதும் துண்டிலேயே அதையும் எழுதினார். தினமும் பகலில் அரைமணி நேரம் வெளியே, மரத்தடியில் உட்கார வேண்டும். யாரோடும் பேசக்கூடாது. "ஃபோனை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். என்னைவிட வயதில் சின்னவர். என் பிரஷரை இரண்டு கையிலும் பார்த்துவிட்டு, தூக்கம் வருகிறதா என்று மட்டும் கேட்டார். வருவதில்லை என்றேன். எப்போதிலிருந்து என்று அவர் கேட்கவில்லை. கார்த்திகை மழைக்குப் பிறகு இந்த ஊரில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

நான் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞன். வயது நாற்பத்தேழு. அலுவலகத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் வாவிக்கரை. சுற்றுலாக்காரர்கள் நிற்கும் பக்கத்தைத் தாண்டிப் போனால் ஒரு மாரா மரத்தின் கீழே பழைய சீமெந்து ஆசனம் ஒன்று இருக்கிறது. மேலே நீர்க்காகங்கள் அடைவதால் ஆசனத்தின் ஒரு பாதி எப்போதும் எச்சத்தில் வெளுத்திருக்கும். ஆகவே யாரும் அதில் உட்காருவதில்லை. மற்றப் பாதி எனக்குக் கிடைத்தது.

அந்த நாட்களில் கண்டி அழகாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். மழை நின்று வெயில் ஏறியிருந்தது. ரொபரோசியா மரங்களில் இலையே தெரியாமல் இளஞ்சிவப்புப் பூ. முள்முருக்குச் சிவந்திருந்தது. குயில் ஒன்று காலையிலிருந்து மாலைவரை கூவிக்கொண்டே இருந்தது. வாவித் தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. பாடசாலை விடும் நேரம் வரைக்கும் அந்தப் பக்கத்தில் வாகனச் சத்தமும் குறைவு. வைத்தியர் கேட்டது போன்ற இடம்தான்.

முதல் நாள் பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

அலுவலகத்தில் இருக்கும்போது சத்தம் இருக்கும். ஆட்கள் வருவார்கள், படிவம் கேட்பார்கள், கோபப்படுவார்கள். அதற்குள் என்னை நான் ஒளித்துக்கொள்ளலாம். இங்கே ஒளிய ஒன்றுமில்லை. நிமிர்ந்தால் எதிரே ஹந்தானை மலை. அதன் தோளில் மண் சரிந்த இடம், தோல் உரிந்தது போல, இன்னும் புல் முளைக்காமல் செம்மண்ணாகவே இருந்தது. அதைப் பார்த்ததும் காதுக்குள் அந்தப் பெண் பேசினாள்.

"சார், கேக்குதா?"

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவர் பக்கத்து மேசை நண்பர், அக்குறணைப் பக்கத்து முஸ்லிம். பெருமழை பெய்த அன்று அவர் ஊரே தண்ணீரில் நின்றதால் அவர் வரவில்லை. எனக்கு டவுனுக்குள்ளேயே வீடு என்பதால் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தேன். தமிழில் வரும் அழைப்பெல்லாம் என் மேசைக்குத் திருப்பப்பட்டது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து மாறி மாறி அழைத்தார்கள். நான் கொப்பியில் எழுதினேன். தோட்டம், லயம் என்கிற வரிசைவீட்டின் இலக்கம், எத்தனை பேர், என்ன நடந்தது. அதிகாரி அதைப் பார்த்து மற்றத் தொலைபேசியில் சொல்வார். அந்தப் பக்கத்தில் யார் கேட்டார்கள், கேட்டு என்ன செய்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பாதைகள் எல்லாம் உடைந்துவிட்டிருந்தன.

முற்பகல் பதினொரு மணியளவில் அந்த அழைப்பு வந்தது. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண்.

"சார், கேக்குதா? பத்தாம் நம்பர் லயத்துலருந்து பேசுறேன். எங்க லயத்துக்கு மேல மண்ணு வெடிச்சிருக்கு சார். கை போற அளவுக்கு வெடிச்சிருக்கு. நாங்க எறங்கிப் போகவா, உள்ளேயே இருக்கவா? நீங்க சொல்லுங்க."

நில வெடிப்பைக் கண்டால் உடனே வெளியேற வேண்டும். அந்த அறிவித்தல் மூன்று மொழியிலும் என் தலைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. தமிழ்ப் பிரதியை எழுத்துப்பிழை பார்த்துத் திருத்தியவனே நான்தான். ஆனால் அரைமணி நேரத்துக்கு முன்புதான் அதே பக்கத்திலிருந்து இன்னொருவர் அழைத்து, இறங்கிப் போன ஆட்களோடு ஆற்றுப்பாலம் போய்விட்டது என்று அழுதிருந்தார். போ என்றால் ஆறு. இரு என்றால் மண். நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் மற்ற ஃபோனைக் காதில் வைத்தபடி, பொறு என்று கையைக் காட்டினார். நான் பொறுத்தேன்.

பிறகு சொன்னேன்: "அங்கேயே இருங்கம்மா. நான் ஆள் அனுப்புறேன்."

நான் வாயைத் திறக்கும்போதே அந்தப் பக்கத்திலிருந்து "சார், மாமி..." என்று ஏதோ கேட்டது. அல்லது அப்படி ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. திருப்பி எடுத்தேன். அழைப்பு போகவில்லை. கொப்பியில் அந்தத் தொலைபேசி இலக்கத்தை எழுதினேன். 'இருக்கச் சொல்லப்பட்டது' என்று பக்கத்தில் குறித்தேன். அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது.

மூன்று நாளைக்கு அந்தத் தோட்டத்துக்கு ஒருவரும் போக முடியவில்லை.

இறந்தவர்களின் பட்டியல் வந்தபோது தமிழ்ப் பெயர்களைத் தட்டச்சு செய்யும் வேலையும் எனக்குத்தான் வந்தது. அப்போதுதான் தெரிந்தது, நான் அவளுடைய பெயரைக் கேட்கவே இல்லை என்று. அந்தத் தோட்டத்தின் பெயருக்குக் கீழே ஏழு பெண்கள். ஒவ்வொரு பெயரையும் அடிக்கும்போது இவள்தானோ என்று விரல் நின்றது. வயதைப் பார்த்தேன். குரலை வைத்து வயது சொல்ல முடியவில்லை. பட்டியலை அனுப்பினேன்.

இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கும் சொல்லவில்லை. மழையில் நிறைய வேலை செய்தவன் என்று அவள் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகவே ஓய்வெடுக்கப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது அந்தப் பெண்தான். தினமும் வந்தாள். மத்தியானம் பன்னிரண்டரைக்கு நான் லாச்சியைப் பூட்டிவிட்டு வருவேன். உட்கார்ந்து, மூச்சு அடங்கி, இலைகளின் சத்தம் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும்போது அவள் கேட்பாள். "சார், கேக்குதா?" பிறகு மீதியையும் அதே வரிசையில் சொல்வாள். நான் பதில் சொல்வேன். சில நாள், போங்கம்மா என்பேன். சில நாள், ஆறு இருக்கு, மேலே ஏறுங்க என்பேன். எதைச் சொன்னாலும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பேச்சு வராது. எச்சம் விழுந்த பாதியை ஒரு நாள் செய்தித்தாளால் துடைத்துவிட்டேன். எதற்காகத் துடைத்தேன் என்பது அன்று எனக்கே விளங்கவில்லை.

எழுந்து போய்விட்டிருக்கலாம். ஆனால் நான் ஒரு நாளும் தவறவில்லை. வைத்தியர் சொன்னதற்காக என்று வீட்டில் சொன்னேன். உண்மையில், நான் போகாவிட்டால் அவள் பேச ஆளில்லாமல் அந்த லயத்தில் நிற்பாள் என்று எனக்குத் தோன்றியது.

அது நோன்பு மாதம். பகல் சாப்பாடு இல்லாததால் பக்கத்து மேசை நண்பரும் என்னோடு வரத் தொடங்கினார். துடைத்த பாதியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், பேச்சுக்காரர். ஆனால் நோன்பு அவரைக் கொஞ்சம் அடக்கியிருந்தது. இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கபரகொய்யா என்னும் நீருடும்பு ஒன்று தலையை மட்டும் காட்டிக்கொண்டு மெதுவாக நீந்திப் போனது.

மூன்றாவது நாள் அவர் கேட்டார்.

"மச்சான், நீங்க யாரோட பேசுற?"

"யாரோடயும் இல்லையே."

"வாய் அசையுது. மூணு நாளாப் பாத்துட்டு ஈக்கிறேன்."

சொன்னேன். முதலிலிருந்து கடைசிவரை. அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்.

"அந்த லிஸ்ட்ல அவ ஈக்கிறாவா?"

"தெரியாது. பேர் தெரியாதே."

"பேரே கேக்கல்லயா?"

"கேக்கல்ல."

அவர் எழுந்து கைக்குட்டையை மடித்தார். பிறகு, "போய்ப் பாப்போம்" என்றார். "மௌத்தாகி இருந்தா ஒரு துஆ கேட்டுட்டு வருவோம். உசிரோட ஈந்தா முகத்தப் பாத்துட்டு வருவோம். இப்பிடி மரத்தோட பேசிட்டு இருந்தா சரிவராது. பைக் ஈக்கி. பெருநாள் முடியட்டும்."

சரி என்றேன். ஆனால் பெருநாள் முடிந்து இரண்டு வாரமாகியும் நான் ஏதாவது ஒரு சாட்டு சொல்லிக்கொண்டே இருந்தேன். கொப்பியிலிருந்த இலக்கத்தைப் பலமுறை அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று ஒரு பதிவுக்குரல் மூன்று மொழியிலும் சொன்னது. அந்தக் குரல் எனக்கு ஒரு வகையில் வசதியாக இருந்தது.

பிறகு ஒரு நாள் நடந்தது இது. நீர்க்காகம் ஒன்று எதிரே ஒரு கட்டையில் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று வந்து போனது. பூக்கள் ஒன்றிரண்டு என் மடியில் விழுந்தன. எங்கோ விகாரையில் பிரித் ஓதும் சத்தம் ஒலிபெருக்கியில் மெல்லக் கேட்டு நின்றது. மணியைப் பார்த்தால் ஒன்று இருபத்தைந்து. முக்கால் மணிநேரத்தைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறேன். தோள் இரண்டும் இறங்கி, கை இரண்டும் தொடையில் சும்மா கிடக்கின்றன. மாதக்கணக்காக இல்லாத ஒரு லேசு உடம்பில் இருந்தது.

அவள் வரவில்லை.

எனக்கு வேர்த்துவிட்டது. எழுந்து ஆசனத்தைச் சுற்றிப் பார்த்தேன். யாரையோ கூட்டத்தில் தொலைத்துவிட்டவன் போலப் பார்த்தேன். கண்ணை மூடி அவள் குரலைக் கூப்பிட்டுப் பார்த்தேன். சொற்கள் வந்தன, குரல் வரவில்லை. வெயிலும் பூவும் எனக்கு நல்லது செய்யத் தொடங்கியிருந்தன. இப்படியே இன்னும் ஒரு மாதம் உட்கார்ந்தால் அவளை முழுக்க மறந்து, நன்றாகத் தூங்கி, உடம்பும் தேறிவிடுவேன். அப்படித் தேறிவிடும் மனிதனை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது.

அலுவலகத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்து நண்பரின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"சனிக்கிழமை போவோமா?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெள்ளன வாங்க" என்றார்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய சனிக்கிழமை அது. தலாத்துஓயா தாண்டியதும் கடைகளில் வெடிக்கட்டும் புதுத்துணியும் தொங்கின. அதற்கு மேலே போகப்போகப் பாதை பாதியாகிவிட்டது. சரிந்த இடங்களில் கல்லடுக்கி, ஒரு வாகனம் மட்டும் போகும்படி செய்திருந்தார்கள். நண்பர் ஒவ்வொரு இடத்திலும் பைக்கை நிறுத்தி, "பிஸ்மில்லாஹ்" சொல்லிக்கொண்டு கடந்தார். தேயிலை தளிர்விட்டிருந்தது. மலை முழுக்க அந்த இளம்பச்சை. நடுநடுவே மேலிருந்து கீழாகச் சிவந்த கோடுகள்.

தோட்டத்துக் கோயிலடியில் நின்ற ஆண்கள் சிலரிடம் கேட்டேன். "மழை நேரம் பத்தாம் லயத்துலருந்து ஆபீசுக்கு ஃபோன் எடுத்தவங்க யாருன்னு தெரியுங்களா?"

ஒருவர் என்னைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். "எல்லாருந்தாங்க எடுத்தோம்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரே பிறகு இரக்கப்பட்டு, பத்தாம் லயத்தில் மிஞ்சியவர்கள் பிள்ளை மடுவத்தில் இருக்கிறார்கள் என்று வழி காட்டினார். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கட்டடம் அது. இப்போது நான்கு குடும்பங்கள் நடுவே சீலை கட்டிப் பிரித்துக்கொண்டு இருந்தார்கள். வழியில் பத்தாம் லயத்தைக் கடந்தோம். கூரைத்தகரத்தின் ஓர் ஓரம் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது. அதில் ஒரு பூசணிக்கொடி படர்ந்து மஞ்சளாகப் பூத்திருந்தது. நண்பர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஏதோ ஓதினார்.

மடுவத்துக்கு இருபதடி இருக்கும்போது ஒரு பெண் மலைநீர் விழும் பீலியடியிலிருந்து மகளைக் கூப்பிட்டாள். "ஏய், கூப்புடுறது கேக்குதா?"

என் கால் நின்றுவிட்டது. முகத்தைப் பார்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

முப்பது வயதிருக்கும். பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டு வந்தாள். ஒன்றுதான் இருந்தது. நாங்கள் மூவருமே அதில் உட்காராமல் பீலிக்குப் பக்கத்துப் புல்லில் இருந்தோம்.

"அந்த ஃபோன் மண்ணோட போயிருச்சு சார்" என்றாள். "அதான் எடுத்தா வராது."

"அன்னிக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினேன்.

"நீங்க சொன்னது ஒண்ணும் கேக்கல சார். நான் கேட்டேன். நீங்க கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. லைன் இருந்துச்சு, அங்கிட்டு ஆபீசு சத்தமெல்லாம் கேட்டுச்சு. அப்புறம் கட்டாயிருச்சு. சரி, இனி யாரக் கேட்டும் ஆகப்போறதில்லன்னு புள்ளைங்கள இழுத்துக்கிட்டு பக்கத்து மேட்டுக் கோயிலுக்கு ஏறிட்டேன். வீட்டுக்காரரு டவுன்ல வேல. அவரோட அம்மா, மாமி மட்டும் வரல."

"ஏன் வரல?"

"ஆபீசுல கேளு, அவங்க போகச் சொன்னா வாறேன்னாங்க. அதுக்குத்தான் சார் ஃபோனே எடுத்தது. இல்லாட்டி நான் அப்பவே எறங்கியிருப்பேன். மாமி வாசப்படியில உக்காந்துக்கிட்டு, என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

நான் சொல்லாமல் வந்துவிட்டிருக்கலாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது, இனிமேல் தெரியப்போவதும் இல்லை. ஆனால் அவ்வளவு தூரம் போனது அதற்காகத்தான் என்று அப்போது விளங்கியது.

"நான் அங்கேயே இருங்கன்னு சொன்னேம்மா. ஆள் அனுப்புறேன்னு சொன்னேன். அனுப்ப ஆளே இல்ல. தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கணக்குப் போடுவது போல நெற்றி சுருங்கியது.

"நல்ல வேளை, கேக்கல" என்றாள்.

பத்தாம் லயம் இருந்த பக்கம் திரும்பி, "கேட்டிருந்தா மாமி எங்களையும் விட்டிருக்க மாட்டாங்க சார்" என்றாள்.

எழுந்து போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். சின்ன மகள் வந்து நண்பரின் பைக் சாவியை வாங்கி விளையாடினாள். நாங்கள் குடித்து முடிக்கும்வரை தாய் பொறுத்திருந்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மாமியின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பட்டியலில் ஒரு மாதிரி. அதனால் மரணச் சான்றிதழ் நான்கு மாதமாகக் கைக்கு வரவில்லை. யாரைக் கேட்டாலும் கண்டிக்குப் போ என்கிறார்களாம்.

அந்தப் பெயரைத் தட்டச்சு செய்தபோது என் விரல் நின்றது எனக்கு நினைவிருந்தது. நின்ற விரல் பிழையான எழுத்தில் இறங்கியிருக்கிறது.

"இத நான் செஞ்சு தாறேன்" என்றேன். "திங்கட்கிழம."

"ஆள் அனுப்பாதீங்க சார், நீங்களே செய்யுங்க" என்றாள். அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாளா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

திரும்பும்போது ஓரிடத்தில் பாதை வேலைக்காக வாகனங்களை மறித்துவிட்டார்கள். பைக்கை விட்டு இறங்கிப் புற்சரிவில் உட்கார்ந்தோம். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்தும் ஆட்கள் இறங்கி அங்கங்கே குந்தினார்கள். இயந்திரத்தையும் நிறுத்தியதும் மலை முழுக்க அமைதி. நண்பர் புல்லில் மல்லாந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

"மச்சான், உங்கட மேல பிழை இல்ல. கேக்கவே இல்லையே" என்றார் தொப்பிக்குள்ளிருந்து.

"லைன் இருந்த நேரம் நான் பேசல்ல" என்றேன்.

அவர் தொப்பியை விலக்கி என்னைப் பார்த்துவிட்டு மீண்டும் மூடிக்கொண்டார். நல்ல நண்பர்.

திங்கட்கிழமை பெயரைத் திருத்தினேன். மூன்று மேசை தாண்டி, இரண்டு கையெழுத்து வாங்கி, புத்தாண்டு விடுமுறைக்கு முன்னால் நானே தபாலில் சேர்த்தேன். பிறகு அதிகாரியிடம் போனேன். அடுத்த மழைக்காலத்தில் தொலைபேசி எடுக்கிறவர், யாரையும் கேட்காமல், வெளியேறுங்கள் என்று சொல்ல அதிகாரம் வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்று கையைக் காட்டியது அவருக்கும் நினைவிருக்கிறது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. "எழுத்தில் கொடுங்கள்" என்றார். கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

பகல் வேளையில் இப்போதும் போகிறேன். பூ எல்லாம் கொட்டி, மரங்கள் இலை விட்டுவிட்டன. பின்னேரங்களில் இடி இடித்து மழை வருகிறது. அரைமணி நேரத்தில் உடம்பு இளகுகிறது, பிரஷரும் இறங்கியிருக்கிறது. அந்தப் பெண்ணின் குரல் வருவதே இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாள், படிவம் பற்றி ஏதாவது கேட்க எப்போதாவது புதிய இலக்கத்திலிருந்து அழைக்கிறாள். இப்போது வருகிறவரை நான் பார்த்ததும் இல்லை, அவர் பேசிக் கேட்டதும் இல்லை. பத்தாம் லயத்து வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். நான் வாய் திறப்பதற்காகக் காத்திருக்கிறார். போங்கம்மா என்று சொல்கிறேன். ஒவ்வொரு நாளும், வந்து உட்கார்ந்த உடனேயே, மூச்சு அடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.